செயலாளர் ஏன் ‘முடியாது’ என்கிறார்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பக்கத்துப் பிரதேச சபை ஒன்றில் முதல் தடவையாக உறுப்பினரான சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, அதனால் முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்.

“ஐயா, எங்கள் கிராமத்தில் இருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை மாரி காலத்தில் முழங்கால் அளவு சேறாகிவிடும். அதற்குக் கிறவல் (சரளை மண்) போட வேண்டும் என்று சித்திரை மாதக் கூட்டத்தில் பிரேரணை கொண்டுவந்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை, ஏகமனதாக நிறைவேறியது. இப்போது ஆவணி. ஒரு லோட் கிறவல்கூட வரவில்லை. செயலாளரைக் கேட்டால் ‘அது வாய்க்கால் கட்டு, எங்கட வீதி இல்ல, பட்ஜெட்டிலயும் இல்ல, மறுகா (பிறகு) பாப்பம்’ என்கிறார். தவிசாளரைக் கேட்டால் ‘நான் ஓமெண்டுதான் சொன்னன், செயலாளர்தான் மறிக்கிறார்’ என்கிறார். சபை இல்லாத காலத்தில் இதே செயலாளர் தனியாளாக எவ்வளவோ வேலை செய்தார். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது? சபையில் யார் பெரியவர்? அவரை இடமாற்றச் சொல்லித் தீர்மானம் போடுவதற்குச் சில உறுப்பினர்கள் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் போடவா? தெரிந்த பிள்ளை ஒருவருக்குச் சபையில் தற்காலிக வேலை எடுத்துக் கொடுக்கச் சொல்லியும் கேட்கிறார்கள், அதற்கு என்ன சொல்வது? நான் வட்டாரத்தில் வென்றவள் இல்லை, கட்சியின் விகிதாசாரப் பட்டியலில் வந்தவள். என் பேச்சுக்கு மதிப்பு இல்லையோ என்றும் யோசனையாக இருக்கிறது.”

அன்புத் தங்கச்சிக்கு,

வணக்கம். நான் கிழக்கு மாகாணத்தில் உள்ளூராட்சி மன்றங்களில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆகவே செயலாளர் பக்கம் சாய்ந்து பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது இயல்புதான். முதலில் இரண்டு விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடமாற்றக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். அதேபோல, ‘மறுகா பாப்பம்’ என்ற பதிலோடு உங்கள் செயலாளரை விட்டுவிடவும் வேண்டாம். ஒரு சபையின் தலைமை நிர்வாகி உறுப்பினருக்குக் கொடுக்கக்கூடிய பதில் அது இல்லை.

யார் பெரியவர் என்று கேட்டிருக்கிறீர்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. முடிவெடுப்பது சபை, அதாவது நீங்கள் எல்லோரும் சேர்ந்து. முடிவை நிறைவேற்றும் அதிகாரமும் பொறுப்பும் தவிசாளருக்கு. அந்த நிறைவேற்றத்தைச் சட்டப்படியும் கணக்குப்படியும் நடத்தி, பதிவேடுகளைக் காத்து, ஊழியரை வேலை வாங்கி, நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் ஒவ்வொரு ரூபாவுக்கும் காகிதம் காட்ட வேண்டியவர் செயலாளர். தவிசாளர் தன் அதிகாரத்தில் சிலதை எழுத்தில் செயலாளருக்கு ஒப்படைக்கலாம், அதோடு பொறுப்பு தவிசாளரை விட்டுப் போய்விடாது. மாநகர சபை என்றால் முதல்வரும் ஆணையாளரும் இருப்பார்கள். மட்டக்களப்பு மாநகர சபையில் ஆணையாளர் இலங்கை நிர்வாக சேவையைச் சேர்ந்தவராக இருப்பார். அங்கே பெயர்தான் வேறு, உறவு ஏறக்குறைய இதே மாதிரித்தான்.

நீங்கள் வயல் சார்ந்த ஊர்க்காரி, அதனால் இப்படிச் சொல்கிறேன். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எத்தனை நாளில் விதைப்பை முடிப்பது என்று விவசாயிகள் கூடி முடிவெடுக்கிறார்கள். தண்ணீர் பங்கிடும் பொறுப்பில் இருக்கும் வட்டவிதானை அந்த முடிவை நடத்துகிறார். அவருக்குத் தனியாகத் திகதி வைக்க உரிமை கிடையாது. ஆனால் கூட்டத்தில் கைதூக்கிய ஒருவர் நடுவில் வந்து ‘என் வரவைக்கு முதல்ல திறந்து விடு’ என்றால் மறுக்கும் உரிமையும் கடமையும் அவருக்கு இருக்கிறது. மறுத்தார் என்பதற்காக அவர் கூட்டத்தைவிடப் பெரியவர் ஆகிவிடுவதில்லை. உங்கள் செயலாளரின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான்.

அடுத்து, சபை இல்லாத காலம். இந்தக் கேள்வியை உங்கள் ஊரில் மட்டும் கேட்கவில்லை, மாவட்டம் முழுக்கக் கேட்கிறார்கள். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19 ஆம் திகதியோடு முடிந்தது. அதே மார்ச் மாதம் நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. 2025 மே 6 ஆம் திகதிதான் வாக்களித்தோம், ஜூன் 2 ஆம் திகதி சபைகள் மறுபடி தொடங்கின. (கல்முனை மாநகர சபைக்கு வழக்குக் காரணமாக அந்த நாளிலும் தேர்தல் நடக்கவில்லை.) நடுவில் இரண்டு வருடத்துக்கு மேலாக மாநகர சபைகளில் ஆணையாளர்களும் நகர, பிரதேச சபைகளில் செயலாளர்களும் சபையின் அதிகாரத்தையும் தவிசாளரின் அதிகாரத்தையும் சேர்த்தே தாங்கினார்கள். உங்கள் செயலாளர் அப்போது தனியாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம், தீர்மானம் எடுத்தவரும் நிறைவேற்றியவரும் அவரே. பட்ஜெட்டையும் அவரே போட்டார். தான் போட்ட பட்ஜெட்டில் இருந்த வேலையைத் தானே செய்தார். இன்று அந்த முதல் பாதி உங்களிடம் வந்திருக்கிறது. அது அவர் கையில் இல்லை என்பதைக் குறையாகப் பார்க்க வேண்டாம், நீங்கள் வாக்குக் கேட்டுப் போனதே அதற்காகத்தான்.

மட்டக்களப்பில் இது இன்னும் ஆழமான பழக்கம் என்பது என் எண்ணம். போர்க்காலத்தில் எங்கள் மாவட்டத்துச் சபைகள் பல வருடங்கள் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமலே இயங்கின. 2008 மார்ச் 10 ஆம் திகதி தேர்தல் நடந்தபோது, அன்று முதல் தடவையாக உள்ளூராட்சிக்கு வாக்களித்த இளைஞர்கள் ஏராளம். அந்தக் காலம் முழுக்கச் சனங்களுக்குச் சபை என்றால் கந்தோர், கந்தோர் என்றால் செயலாளர். ஒரு தலைமுறை அப்படியே வளர்ந்துவிட்டது. அதனால் உறுப்பினரானவர்களும் ‘எங்கட சபை’ என்று சொல்லாமல் ‘அவர்ட கந்தோர்’ என்று பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். செயலாளர்களில் சிலரும் அந்தக் காலத்து நாற்காலியில் இருந்து இறங்க விரும்பாமல் இருப்பது உண்மை. இறங்கித்தான் ஆக வேண்டும். மாதக் கூட்டத்தில் உறுப்பினர் கேட்கும் கேள்வியைத் தொந்தரவாக நினைக்கும் செயலாளர் தன் வேலையின் பாதியை மறந்துவிட்டார் என்றுதான் சொல்வேன்.

சரி, உங்கள் பாதைக்கு வருவோம். செயலாளர் சொன்ன இரண்டு காரணத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்ததால் உங்களுக்குச் சாக்குப்போக்காகத் தெரிந்திருக்கிறது.

‘எங்கட வீதி இல்ல.’ இந்தக் காரணம் உண்மையாக இருந்தால் மிகப் பாரமானது. ஒரு ஊருக்குள் ஓடும் பாதைகளுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று பாருங்கள். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. அடுத்த தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச உள்வீதிகள் சபைக்கு. இவற்றுக்கு நடுவே படுவான்கரையில் நாலாவது ஒரு வகை இருக்கிறது: வாய்க்கால் கட்டுகளும் வயல் வழிகளும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரும் நவகிரிக் குளத்துத் தண்ணீரும் பாய்கிற பக்கம் முழுக்க, சனங்கள் பாதை என்று நடப்பது பல இடங்களில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கட்டு. சிறு குளங்களைச் சார்ந்த வழி என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். மூன்று தலைமுறையாகச் சனம் நடந்த பாதையாக இருந்தாலும், சபையின் வீதிப் பதிவேட்டில் அது இல்லையென்றால் அதில் சபைப் பணத்தைக் கொட்டச் செயலாளருக்குத் துணிவு வராது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கணக்காய்வாளர் வந்து ‘யாருடைய சொத்தில் செலவழித்தீர்கள்’ என்று கேட்கும்போது எழுத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சட்டத்துக்கு மாறான செலவு என்று தீர்மானமானால், அந்தப் பணத்தை அதற்கு அனுமதி கொடுத்தவர்களிடமே அறவிட இடமிருக்கிறது. உறுப்பினர்களும் அதில் சிக்கலாம். ஏகமனதான தீர்மானம் என்பது இங்கே கவசம் ஆகாது. சபைக்குச் சட்டம் கொடுக்காத அதிகாரத்தைச் சபையே தனக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் இங்கேதான் உங்கள் செயலாளரிடம் எனக்குக் குறை இருக்கிறது. சித்திரைக் கூட்டத்தில் அவர் அந்த மண்டபத்தில் இருந்தார். பிரேரணை வாசிக்கப்பட்டபோதே ‘இந்தப் பாதையின் உரித்தைப் பார்க்க வேண்டும்’ என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கூட்டறிக்கையில் அது பதிவாகியிருக்க வேண்டும். சட்டத்துக்குப் பொருந்தாத, அல்லது இன்னும் ஆயத்தமில்லாத ஒரு தீர்மானத்தைச் சபை எடுக்கப் போகும்போது வாய் திறப்பது தலைமை நிர்வாகியின் முதல் கடமை. அந்த நேரம் பேசாமல் இருந்துவிட்டு நாலு மாதம் கழித்துக் கந்தோர் வாசலில் நின்று காரணம் சொல்வது சரியில்லை. அவர் அப்படிப் பேசாததால் நீங்கள் ஊருக்குப் போய் ‘ரோட்டு வருது’ என்று சொல்லிவிட்டீர்கள். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார் முன்னால் நிற்பது நீங்கள், அவர் இல்லை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இது. செயலாளருக்கு, தவிசாளர் ஊடாக, ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கோபம் வேண்டாம். இன்ன திகதிக் கூட்டத்தின் இன்ன தீர்மானம் நிறைவேறாததற்குக் காரணம் என்ன, அந்தப் பாதை வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அதைச் செய்வதற்குச் சபைக்கு உள்ள வழி என்ன என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். எழுத்தில் வரும் பதில் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேசைக்குப் போய்த்தான் வர வேண்டும். அப்படி வரும்போது ‘மறுகா’ என்ற சொல்லுக்கு அதில் இடமிருக்காது. பதில் வராவிட்டால், அடுத்த கூட்டத்தில் முந்தைய கூட்டறிக்கையை உறுதிப்படுத்தும்போது அந்தத் தீர்மானம் என்ன ஆனது என்று கேளுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு உறுப்பினர் தன் சொந்தச் சபைக்கே அந்த விண்ணப்பத்தைப் போட வேண்டி வருவது சபைக்குப் பெருமை இல்லை, ஆனால் அந்த உரிமை உங்களுக்கும் உண்டு.

அது உண்மையிலேயே வாய்க்கால் கட்டு என்று தெரிந்தால் கதை முடிந்துவிடவில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் இருந்து சபை வேலை செய்ய ஆட்சேபனை இல்லை என்று கடிதம் எடுக்க முயற்சிக்கலாம். கொடுப்பார்களா என்றால், கட்டின் உயரத்தையும் மதகையும் கெடுக்காத வேலை என்று மதிப்பீட்டில் தெளிவாக இருந்தால் பேச இடம் இருக்கிறது. அல்லது திணைக்களமே செய்யட்டும் என்று பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம். பிரதேச செயலாளர், திணைக்களக்காரர்கள், சபை எல்லோரும் அந்த மேசையில்தான் ஒன்றாக இருக்கிறார்கள். அங்கே தவிசாளர் பேச வேண்டும், செயலாளர் கோவையோடு போக வேண்டும். கோவை என்றால் வரைபடம், அந்தப் பாதையால் போகும் பிள்ளைகளின் தொகை பற்றி அதிபர் தந்த கடிதம், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கோரிக்கை, மாரியில் எடுத்த படங்கள். இதைத் தயார்செய்வதில் நீங்கள் உதவலாம். வெறும் கையோடு போன கோரிக்கை அந்தக் கூட்டங்களில் எப்படி ஒரு வரியில் முடிகிறது என்று எனக்குத் தெரியும்.

(பிரதேச செயலாளர் வேறு, பிரதேச சபைச் செயலாளர் வேறு என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் வாக்காளர் பலருக்குத் தெரியாது. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, காணி அனுமதிப்பத்திரம், கிராம உத்தியோகத்தர் விடயம் எல்லாம் பிரதேச செயலகம். தெருவிளக்கு, குப்பை, சந்தை, நூலகம், மயானம், கட்டட அனுமதி, உள்வீதி இவை சபை. உங்களிடம் வருபவரைச் சரியான வாசலுக்கு அனுப்பிவிட்டாலே பாதிப் பேரின் அலைச்சல் குறையும்.)

இரண்டாவது காரணம், ‘பட்ஜெட்டில இல்ல.’ இதுதான் புதிதாக வரும் உறுப்பினர் எல்லோரும் முதல் வருடத்தில் முட்டிக்கொள்ளும் இடம். சபையில் தீர்மானம் நிறைவேறுவதும் பணம் ஒதுக்கப்படுவதும் வேறு வேறு. சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த வருடத்துப் பட்ஜெட் இந்த வருடம் முடியும் முன்பே நிறைவேற வேண்டும். அதைத் தயாரித்துச் சபையில் வைப்பது தவிசாளரின் பொறுப்பு, கணக்கெல்லாம் போடுவது செயலாளரும் அவருடைய ஆட்களும். சித்திரையில் வந்த உங்கள் பிரேரணைக்கு அந்த வருடப் பட்ஜெட்டில் தலைப்பு இல்லை என்றால், இன்னொரு தலைப்பில் மிஞ்சியதை மாற்ற வேண்டும், அல்லது பட்ஜெட்டுக்கு மேலதிகமாகப் பணம் ஒதுக்கும் குறைநிரப்பு மதிப்பீடு கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் சபையின் அனுமதி வேண்டும், அதைவிட முக்கியமாகப் பணம் வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். படுவான்கரைச் சபைகளின் கையில் எவ்வளவு இருக்கிறது என்று உறுப்பினர்களே விசாரிப்பதில்லை. நிரந்தர ஊழியரின் சம்பளத்தில் பெரும் பகுதி மாகாணத்திடம் இருந்து வருகிறது. காணி விற்பனையின் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் சபைக்கு வர வேண்டியவை, ஆனால் சுற்றி வருவதால் பிந்தும். சபை தன் கையால் சேர்ப்பது ஆதனவரி, வியாபார வரி, அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை போன்றவை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கடையும் கட்டடமும் நெருக்கமாக இருக்கிற சபைக்கு இது ஓரளவு ஓடும். வயலும் மேய்ச்சல் தரையும் அதிகமான சபையில் ஆதனவரி அறவிடக்கூடிய இடமே கொஞ்சம். இருக்கிற கொஞ்சத்தையும் யாரும் கட்டுவதில்லை. ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன் வருடத்துக்குரியதை முழுக்கக் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. நான் பார்த்த சபைகளில் வரி நிலுவைப் பட்டியலைக் கூட்டத்தில் கேட்ட உறுப்பினர்கள் மிகக் குறைவு. வாக்குப் போட்டவரிடம் வரி கேட்கக் கூச்சம். அந்தப் பட்டியலை நீங்கள் கேளுங்கள். கிறவலுக்குப் பணம் இல்லை என்று சொல்லும் செயலாளரிடம், நிலுவை எவ்வளவு, அறவிட என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்க உறுப்பினருக்கு முழு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் அவரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

காலக்கணக்கும் பாருங்கள். எங்கள் பக்கம் ஐப்பசி பிற்பகுதியில் மாரி இறங்கினால் தை வரைக்கும் மண்வேலை நடக்காது. அதற்குப் பிறகு வெள்ளாமை வெட்டு. வெட்டுமெஷினும் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களும் அதே பாதையால் போகும். அவை போய் முடிந்த பிறகுதான் கிறவல் போடுவதில் பயன். அப்படியென்றால் பங்குனியில் இருந்து புரட்டாதி வரைக்கும்தான் உங்களுக்குக் காலம். அதற்குள் மதிப்பீடு, விலைமனு, ஒப்பந்தம், வேலை, அளவீடு, கொடுப்பனவு எல்லாம் முடிய வேண்டும். இப்போது ஆவணி. இந்த வருடம் அவசரப்பட்டு நாலு லோட் கொட்ட வைத்தால் கார்த்திகை மழை அதைக் கொண்டு போய்விடும், ‘உங்களுக்குப் போட்டாச்சுத்தானே’ என்று அடுத்த வருடமும் கைவிரிப்பார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மாதமே தொழில்நுட்ப உத்தியோகத்தரை அந்தப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கிறவலோடு நிற்காமல், தண்ணீர் குறுக்கே பாயும் இடத்தில் மதகு வேண்டுமா என்று பார்க்கச் சொல்வேன். மதிப்பீட்டைப் புரட்டாதிக்குள் வாங்கி, அடுத்த வருடப் பட்ஜெட்டில் அந்தப் பாதையின் பெயரோடு ஒரு வரி ஏறுகிறதா என்று பார்ப்பேன். ‘உள்வீதிகள் திருத்தம்’ என்று பொதுவாக ஒரு தலைப்புப் போட்டு அதற்குள் எல்லாம் அடங்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம், அந்தத் தலைப்பு மாசியில் ஒருவர் ஊருக்கே போய்விடும். வரைவு பட்ஜெட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது உங்கள் ஊர்த் தாய்மார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

தவிசாளர் சொன்ன ‘செயலாளர்தான் மறிக்கிறார்’ என்ற வார்த்தையையும் எடைபோட்டுப் பாருங்கள். நிறைவேற்றும் பொறுப்பு அவருடையது. செயலாளர் ஒரு கோவையில் ‘இப்படிச் செய்ய முடியாது, விதி இது’ என்று எழுதினால், அதை ஏற்பதா, விளக்கம் கேட்பதா, உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் ஆலோசனை கேட்டு அனுப்புவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் தவிசாளர். அவர் கோவையில் என்ன எழுதினார் என்று கேளுங்கள். வாயால் ‘ஓம்’ சொல்லிவிட்டுக் கோவையில் ஒன்றும் எழுதாத தவிசாளர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு நல்லவர், கந்தோருக்கு மௌனம். பழி முழுக்கச் செயலாளர் தலையில் விழும். அதேபோல, தனக்குப் பிடிக்காத வேலையைக் கோவையில் ஒன்றும் எழுதாமல் மேசையிலேயே வைத்திருந்து சாகடிக்கும் செயலாளர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு வகையையும் பிடிக்க ஒரே வழி எழுத்துத்தான்.

நான் கடமையாற்றிய சபை ஒன்றில் தவிசாளருக்கும் எனக்கும் பல விடயத்தில் கருத்து வேறாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் சனம் வருவதற்கு முன் அவரும் நானும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் தீர்மானப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் இப்போது யார் கையில் இருக்கிறது, என்ன குறைகிறது என்று எழுதுவோம். நிலத்தின் உரித்தா, மதிப்பீடா, பணமா, மேலிடத்து அனுமதியா? அந்தப் பக்கத்தின் பிரதி மாதக் கூட்டத்தில் உறுப்பினர் எல்லோருக்கும் போகும். கூட்டங்களில் சத்தம் குறைந்தது. ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி போய், அந்தத் திணைக்களத்தில் யாரைப் பிடிக்கலாம் என்ற பேச்சு வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே தன் பழக்கத்தில் ஒரு அனுமதியை எடுத்துத் தந்தார். உங்கள் சபையில் அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்று நீங்கள் பிரேரணை கொண்டுவாருங்கள். அதற்குப் பணமும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். எதிர்ப்பதற்கும் யாருக்கும் காரணம் இருக்காது.

இனி இடமாற்றம். செயலாளர் மாகாணப் பொதுச் சேவையின் ஆள். அவருடைய நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் மாகாணத்தின் கையில் இருக்கின்றன. சபை தீர்மானம் போட்டு அவரை அனுப்ப முடியாது, முறைப்பாடு மட்டும் செய்யலாம். அந்தப் பிரிவினை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. தன்னை அனுப்பக்கூடியவரிடமே ‘இந்தச் செலவு பிழை’ என்று ஒரு உத்தியோகத்தர் எப்படிச் சொல்வார்? நாலு வருடத்தில் சபை மாறும், கட்சி மாறும், காணிப் பதிவும் வரிப் பதிவும் வீதிப் பதிவும் யாருக்கும் சாயாமல் அங்கேயே இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த நாற்காலி.

ஆனால் முறைப்பாட்டுக்கு உரிய நடத்தை என்று சில உண்டு, அதில் நான் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். கூட்டறிக்கையை மாற்றி எழுதுவது, கணக்கைச் சபைக்குக் காட்ட மறுப்பது, ஒரு ஒப்பந்தகாரருக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பது, ஏழை ஒருவரின் கட்டட விண்ணப்பத்தை மாதக்கணக்கில் இழுத்துவிட்டு வசதியானவருடையதை வாரத்தில் கொடுப்பது, பெண் உறுப்பினரை மரியாதை இல்லாமல் நடத்துவது. இப்படி ஏதும் இருந்தால் திகதியோடும் ஆதாரத்தோடும் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு எழுதுங்கள், பிரதியை மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கு அனுப்புங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்து மறுபடி தேர்தல் நடக்காததால், மாகாண அமைச்சர் என்று முறையிட ஒருவர் இல்லை, மேலே ஆளுநர்தான். அது வேறு ஒரு பெரிய கவலை, இன்னொரு கடிதத்துக்கு வைத்துக்கொள்வோம். ஆனால் ‘கிறவல் போடவில்லை’ என்ற காரணத்துக்காகப் பதினைந்து பேர் கையெழுத்து வைத்து ஒருவரை அனுப்பினால், அடுத்து வருபவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாதவராக இருப்பார், அல்லது எந்தக் கோவையையும் தொடாதவராக இருப்பார். இரண்டையும் நான் கண்டிருக்கிறேன், இரண்டாலும் ஊருக்குத்தான் நட்டம்.

அந்தத் தற்காலிக வேலை விடயத்துக்கும் இதோடு சேர்த்தே பதில் சொல்கிறேன். உங்களிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள், கொடுக்க வேண்டாம். அனுமதிக்கப்பட்ட ஆளணிக்கு (ஊழியர் எண்ணிக்கைக்கு) வெளியே ஆள் சேர்த்த சபைகள் பின்னால் சம்பளம் கொடுக்கச் சபைப் பணத்தைத்தான் எடுத்தன, உங்கள் கிறவலுக்குரிய பணமும் அதற்குள்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் அது நிரந்தரமில்லாத, ஒவ்வொரு தேர்தலுக்கும் பயப்பட வேண்டிய வேலையாகிவிடும். செயலாளர் இந்த விடயத்தில் மறுத்தால் அவர் பக்கம் நில்லுங்கள்.

விகிதாசாரப் பட்டியலில் வந்ததால் மதிப்பு இல்லையோ என்று கேட்டிருந்தீர்கள். சட்டத்தில் உறுப்பினருக்கு ஒரே தரம்தான். வட்டாரத்தில் வென்றவருக்கும் உங்களுக்கும் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கு. பெண்களுக்கு நாலில் ஒரு பங்கு ஆசனம் என்ற ஏற்பாடு வந்த பிறகுதான் எங்கள் சபைகளில் முன்பள்ளி, பொதுக் கிணறு, பள்ளிக்கூடப் பாதை என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. அதை நான் நேரில் பார்த்தவன். பட்டியலில் வந்தவருக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. உங்களுக்கென்று ஒரு வட்டாரத்தின் நெருக்குதல் குறைவு. நிதிக் குழு, தொழில்நுட்பக் குழு போன்ற சபைக் குழுக்களில் ஒன்றில் இடம் கேளுங்கள். நிதிக் குழு கிடைத்தால் விடாதீர்கள். அங்கே இருக்கும் உறுப்பினரிடம் செயலாளர் வேறு விதமாகத்தான் பேச வேண்டி வரும், ஏனென்றால் மாதாந்தக் கணக்கு அவருக்கு முன்னாலேயே விரிகிறது.

செயலாளரோடு எப்படிப் பேசுவது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கவலை தெரிகிறது. கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் அவரை முதல் தடவை கேள்வி கேட்க வேண்டாம். முதலில் கந்தோரில் போய், கதிரையில் உட்கார்ந்து, பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ‘ஐயா, இந்த வருடம் முடியாது என்றால் அடுத்த வருடம் முடிவதற்கு இப்ப நான் என்ன செய்ய வேணும்?’ என்று கேளுங்கள். தன் வேலை தெரிந்த செயலாளர் என்றால் அந்த இடத்திலேயே தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் நான் மேலே சொன்ன கடிதத்தை அன்றைக்கே கையில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். பதில் வந்ததும், பாதை யாருடையது என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எனக்கு அறிவியுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.